கணக்கும் நீதியும்

கணக்கு பிழையற்றிருந்தும் நீதி பிழைபடுமோ? படும் என்பேன்.

உதவித்தொகையை மிகையாகப் பெற்றோரைக் கண்டறியும் பணியை ஆஸ்திரேலிய அரசு 2016-இல் கணிப்பொறியிடம் ஒப்படைத்தது. அதுவோ, ஓராண்டு வருமானத்தை இரு வாரத்துக்கு ஒன்றாக 26 சம பங்குகளாக்கியது. ஆறு மாதம் உழைத்து, ஆறு மாதம் வேலையின்றி உதவி பெற்றவர், ஆண்டு முழுதும் ஊதியம் பெற்றவராகத் தோன்றினார். முன்னர் இத்தகைய முரண்பாடுகளை அலுவலர்கள் ஆராய்ந்தனர். அவ்வாய்வு பெரிதும் நீக்கப்பட்டது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர்மீது தவறாகக் கடன் சுமத்தப்பட்டது. ஒரு வழக்கில், அத்தகைய கடன் சட்டப்படி செல்லாதென 2019-இல் அரசே ஒப்புக்கொண்டது.

வகுத்தலில் பிழையில்லை. ‘இவர் எந்த வாரத்தில் உழைத்தார்?’ என்று வினவ ஆளில்லை. மனிதக் கண்காணிப்பு என்று நான் கூறுவது அவ்வினாவைத்தான். நாளை அரசுப் பணியில் அமர்வீர்களாயின், அதனைக் கேட்க மறவாதீர்கள்.