குளிர்காலத்திற்கேற்ற துவிச்சக்கர வண்டி

துவிச்சக்கர வண்டியை அறியாதார் நம்முள் எவருமிலர். கல்லூரி வாயிலை அதன்மீதேறி வந்தடைந்தோர் நம்மிற் பலர். ஆயினும், வெயிலும் மழையுமே கண்ட வீதிகளிற் பெற்ற பழக்கம், உறைபனி காணும் நாடுகளிற் போதிய துணையாவதில்லை. கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் இங்கிலாந்து சென்று வாழும் பழைய மாணவர்க்கும், இனிச் செல்லவிருக்கும் இளைஞர்க்கும் பயன்படுமாறு, அந்நாட்டுக் குளிர்காலத்துக்கு உகந்த வீதிவண்டியைத் தெரிந்தெடுக்கும் முறையை ஈண்டுச் சுருங்க விளக்குவோம்.

குளிர்காலத்தில் வண்டிக்குப் பெருங்கேடு விளைப்பன நீரும் உப்புமாம். உப்புக் கரைந்த நீர், தூய நீரினும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உறையும். ஆதலின், பனி உறையுமென எதிர்பார்க்கப்படும் இரவுகளில் அந்நாட்டுப் பெருவீதிகளிற் கல்லுப்பைத் தூவுவர். வழுக்குதலைத் தடுக்கும் அவ்வுப்பே, சில்லுகளால் வாரியெறியப்பட்டுச் சங்கிலியையும் திருகாணிகளையும் பிறேக்குக் கம்பிகளையும் அரித்துவிடுகின்றது. இதனாலேயே அங்குள்ள சைக்கிள் கழகத்தார், கோடையில் ஓட்டும் மெல்லிய வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, விலை குறைந்த உரமான வண்டியொன்றைக் குளிர்காலத்துக்கென வைத்திருக்கும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கைக்கொண்டுள்ளனர்.

அத்தகைய வண்டியை வாங்கப் புகுவோர், எடையையும் பெயரையும் நோக்குமுன், சட்டகத்திற்கும் ரயருக்கும் இடையிலுள்ள வெளியை நோக்குதல் வேண்டும். பந்தய வண்டிகளில் இவ்வெளி மிகக் குறுகியது. நெடுங்காலம் 23 மி.மீ. அகலமுள்ள ரயர்களே அவற்றிற் பெரும்பாலும் பூட்டப்பெற்றன. குளிர்காலத்துக்கு 28 முதல் 32 மி.மீ. வரை அகலமான ரயர் விரும்பத்தக்கது. அகன்ற ரயரிற் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். அதனால் ஈரவீதியிற் பிடிப்பும், குழிகளில் மென்மையும் கூடும். அந்த ரயருக்கு மேல் முழுநீள மட்காட்டும் அமைய இடமிருத்தல் அவசியம். மட்காட்டைப் பூட்டுதற்கான துளைகள் சட்டகத்தில் உளவோவென்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்க.

அடுத்தது பிறேக்கு. றிம்மைப் பற்றும் பிறேக்கு, றிம் நனைந்தவிடத்து உடனே பற்றாது. நீர் வழிக்கப்பட்ட பின்னரே பற்றும். மணலும் சேறும் பிறேக்குக் கட்டையிற் சிக்கி றிம்மையும் தேய்த்துவிடும். சில்லின் நடுவிலுள்ள தட்டைப் பற்றும் தட்டுப் பிறேக்கு இவ்விரு குறைகளையும் பெரிதும் நீக்குகின்றது. வீதிப் பந்தயங்களில் இதற்குச் சர்வதேசச் சைக்கிளோட்ட ஒன்றியம் முழு அனுமதி வழங்கியது 2018ஆம் ஆண்டிலேதான். பணவசதி குறைந்த மாணவர் இதற்காக வருந்த வேண்டுவதில்லை. றிம் தேயாததாயும் கட்டை புதியதாயும் இருப்பின், வேகத்தை அடக்கி ஓட்டுவோர்க்குப் பழைய வண்டியும் போதும்.

சட்டகம் உருக்காயின் நீடித்துழைக்கும். ஆனால் உள்ளே நீர் தங்கவிடின் துருப்பிடிக்கும். அலுமினியம் அவ்வாறு துருவேறாது, விலையும் அளவானது. கியர் எத்துணை எளியதோ அத்துணை நன்று. முன்னாளிற் கழகத்தார் பலர் குளிர்காலத்தில் ஒற்றைப் பற்சில்லு வண்டிகளையே ஓட்டினர். நொட்டிங்காம் நகரில் உருவான ஸ்ரேர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் அமைப்பு, சில்லின் குடத்தினுள்ளே மறைந்திருத்தலாற் சேற்றுக்குத் தப்பியது.

டிசெம்பர் மாதத்தில் இலண்டனிற் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே ஞாயிறு மறைந்துவிடும். இருளில் ஓட்டுவோர் முன்னே வெள்ளை விளக்கும், பின்னே சிவப்பு விளக்கும், ஒளிதெறிக்கும் சிவப்புக் கண்ணாடியும் கொண்டிருத்தல் வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். விளக்குக்குச் செலவிடும் பணத்திற் சிக்கனம் பாராட்டுதல் உயிரோடு விளையாடுவதாகும்.

வண்டி எதுவாயினும் பராமரிப்பின்றேற் பயனில்லை. உப்புவீதியில் ஓடித் திரும்பியதும் தண்ணீரூற்றிக் கழுவி, சங்கிலியைத் துடைத்து உலர்த்தி எண்ணெயிடுக. சில நிமிட வேலையே இது. செய்யாதொழியின், ஒரு பருவத்திலேயே சங்கிலியும் பற்சில்லும் மாற்ற நேரலாம். மேலும், வீதி உறைந்துள்ள காலையில் வண்டியை எடாதிருத்தலே அறிவுடைமை. கரிய வீதியின்மேற் கண்ணுக்குப் புலப்படாது படிந்திருக்கும் பனித்தகட்டின்மீது, சாதாரண ரயர் எதுவும் பிடிப்புக் கொள்ளாது. அன்று பேருந்தில் ஏறுவதில் இழுக்கொன்றுமில்லை.

இறுதியாக ஒன்று. பின்சில்லின் மட்காட்டினால் ஓட்டுபவரின் முதுகு சேறுபடாது காக்கப்படுகின்றது. அதனினும் பெரும்பயன் பெறுபவர் அவர்பின் ஓட்டிவருபவரே. மட்காட்டின்றேல் முன்னவர் சில்லு வாரியிறைக்கும் சேறெல்லாம் பின்னவர் முகத்திலேயே விழும். கழகத்தார் பலர் குளிர்காலத்திற் கூடி ஓட்டும்போது மட்காட்டை வற்புறுத்துவது இதனாலேயாம். ஆதலின், விரைந்து முன்செல்லும் வண்டியினும், பின்வருவார்க்கும் இன்னல் செய்யாத வண்டியே குளிர்காலத்துக்கு ஏற்றதென்பது எமது துணிபு.