மஞ்சள் போட்ட கேக் சிவக்கும்... தெரியுமா?

மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை. கையில் இருப்பது இந்த நாலு சாமான்தான். இவற்றை வைத்துக்கொண்டு மனிதர்கள் செய்து பார்த்த சோதனைகள் இருக்கின்றனவே, அப்பப்பா! மனைவிக்காகக் கலக்கிப் பார்த்தவர், பொழுதுபோக்காகக் கலக்கிப் பார்த்தவர், விண்வெளியில் போய்ச் சுட்டுப் பார்த்தவர் என்று ஒரு பெரிய பட்டாளமே உண்டு. படித்து முடித்ததும் நீங்களும் ஒரு கிண்ணத்தை எடுத்துவிடுவீர்கள்!

மனைவிக்காகப் பிறந்தது பேக்கிங் பவுடர்!

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்தவர் ஆல்ஃபிரட் பேர்ட். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. முட்டையே இல்லாத கஸ்டர்ட் பவுடரை 1837-ல் உருவாக்கினார் பேர்ட். அதோடு விட்டாரா? ஈஸ்ட் இல்லாமலே ரொட்டி உப்ப வேண்டும் என்று 1843-ல் பேக்கிங் பவுடரையும் செய்து முடித்தார்! ஒரு மனைவியின் ஒவ்வாமை, இன்று உலகம் முழுக்க வீடுகளில் கேக்காக எழும்புகிறது.

அந்தப் பவுடர் ஒரு குமிழியைக்கூட உருவாக்காது!

நம்ப முடிகிறதா? கேக்குக்குள் இருக்கும் குமிழிகளை உருவாக்குவது உங்கள் கைதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெய்க்குள் காற்றை இழுத்துக்கொண்டு போகின்றன. மஞ்சளாக இருந்த வெண்ணெய் வெளுத்துப் பொங்கி வருவது இதனால்தான். பேக்கிங் பவுடரிலிருந்து வரும் கரியமில வாயு, ஏற்கெனவே இருக்கும் அந்தக் குமிழிகளைப் பெரிதாக்குகிறது, அவ்வளவே! வெண்ணெய் உருகி ஓடினால் காற்று தங்காது. விரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், அதுதான் பதம்.

மஞ்சள் போட்டால் சிவப்புப் புள்ளி!

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் நீர் சிவந்துபோகும் இல்லையா? அதே ரசாயனம் கேக்கிலும் நடக்கும்! மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். ஆப்ப சோடா காரத்தன்மை உள்ளது. சூடு ஏறினால் அது சோடியம் கார்பனேட்டாக மாறி இன்னும் வீரியமாகிவிடும். மஞ்சள்தூள் சேர்த்த கேக்கில் ஆங்காங்கே சிவப்புப் புள்ளி தெரிந்தால், அந்த இடத்தில் சோடா சரியாகக் கலக்காமல் கட்டியாக நின்றுவிட்டது என்று அர்த்தம். வேதியியலே நமக்குத் துப்புக் கொடுக்கிறது! செய்து பாருங்கள்: கலவையை இரண்டு கிண்ணங்களில் பிரித்து, ஒன்றில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, மற்றதில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. ஒன்று சிவக்கும், மற்றது பளிச்சென்று மஞ்சளாகவே நிற்கும்.

பச்சை நிற குக்கீ கெட்டுப்போனதல்ல!

சூரியகாந்தி விதையை அரைத்துச் சேர்த்து, ஆப்ப சோடாவும் போட்டுச் சுட்ட குக்கீ, ஆறிய பிறகு உள்ளே பச்சையாக மாறும்! விதையில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்ந்து காட்டும் வித்தை இது. பயப்படாமல் சாப்பிடலாம். பச்சை வேண்டாம் என்றால் சோடாவைக் குறைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் போதும்.

20 வருடம் காத்த ரகசியம், வெறும் எண்ணெய்!

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர் ஹாரி பேக்கர். 1927-ல் அவர் உருவாக்கிய கேக், லேசாகவும் இருந்தது, ஈரப்பதமாகவும் இருந்தது. ஹாலிவுட் பிரபலங்கள் மொய்க்கும் பிரவுன் டெர்பி உணவகம் வரை அது போனது. செய்முறையை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை! 1947-ல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிய பிறகுதான் ரகசியம் வெளிவந்தது: வெண்ணெய்க்குப் பதில் சமையல் எண்ணெய்! அதுதான் ஷிஃபான் கேக். வெண்ணெய் குளிர்ந்தால் இறுகும், எண்ணெய் இறுகாது. அதனால்தான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிறகும் அது மெத்தென்று இருக்கிறது.

கேக்கா, பிஸ்கட்டா? தீர்ப்பாயம் வரை போன வழக்கு!

பிரிட்டனில் சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வாட் வரி உண்டு, கேக்குக்கு இல்லை. அப்படியானால் சாக்லேட் பூசிய ஜாஃபா கேக் எந்த வகை? 1991-ல் தீர்ப்பாயம் விசாரித்தது. அங்கே எடைபோடப்பட்ட வாதங்களில் ஒன்று எவ்வளவு எளிமையானது பாருங்கள்: பழசானால் பிஸ்கட் நமுத்துப்போகும், கேக் காய்ந்து கெட்டியாகும். ஜாஃபா கெட்டியானது, கேக் என்றே தீர்ப்பு வந்தது! பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு, அதனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. கேக்கில் ஈரம் அதிகம், அதனால் காற்றுக்கு இழக்கிறது. ஒரே தட்டில் இரண்டையும் இரவு முழுக்கத் திறந்து வையுங்கள். காலையில் நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

சென்னையில் எழும்பிய கேக் ஊட்டியில் குழியும்!

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊட்டி. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக்குக்குள் வாயு வேகமாகப் பெருகும். சுற்றியுள்ள மாவு வெந்து இறுகுவதற்குள் பொங்கி, பிறகு நடுவில் அமுங்கிவிடும். பேக்கிங் பவுடரையும் சர்க்கரையையும் சற்றுக் குறைத்து, பாலைக் கொஞ்சம் கூட்டினால் மலையிலும் கேக் தலைநிமிரும்!

ஓவன் இல்லையா? குக்கர் இருக்கிறதே!

கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். அடியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, மூடி போட்டு 10 நிமிடம் சூடாக்கி, கேக் டின்னை இறக்குங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. உப்பு சூட்டைப் பிடித்துவைத்துச் சீராகப் பரப்பும். சிறு தீயில் 40 நிமிடம் கழித்து ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் கேக் தயார். ஆறிய உப்பை எடுத்துவைத்து அடுத்த கேக்குக்கும் பயன்படுத்தலாம்!

விண்வெளியில் ஒரு குக்கீ வேக இரண்டு மணி நேரம்!

2019 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரர் லூகா பர்மிட்டானோ சாக்லேட் சிப் குக்கீ சுட்டார். பூமியில் 20 நிமிடத்துக்குள் முடிகிற வேலை! அங்கே முதல் குக்கீ 25 நிமிடம் ஆகியும் சரியாக வேகவில்லை. இரண்டாவதை 75 நிமிடம் வைத்தார்கள், வாசனை வந்தது. நான்காவதுக்கு 120 நிமிடம், ஐந்தாவதுக்கு 130 நிமிடம் ஆனது! எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழாது, குளிர்ந்த காற்று கீழே இறங்காது. அங்கே ஓவனுக்குள் சூடு பரவும் விதமே வேறு. சுட்டவற்றில் மூன்று குக்கீகள் சோதனைக்காக 2020 ஜனவரி 7 அன்று பூமிக்குத் திரும்பின.

சுண்டல் தண்ணீர் முட்டையாகும்!

இதுதான் உச்சம்! கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரியே நுரைத்து நிற்கும். 2014-ல் இதைக் கண்டறிந்தவர் ஜோயல் ரோஸல் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர். கடலையிலிருந்து தண்ணீரில் இறங்கும் புரதமும் ஸ்டார்ச்சும்தான் நுரையைத் தாங்கிப் பிடிக்கின்றன. உப்புப் போடாமல் வேகவைத்த தண்ணீரைச் சற்றே கெட்டியாகும்வரை சுண்டவைத்து, ஃபிரிட்ஜில் குளிரவைத்து அடியுங்கள். மூன்று டேபிள்ஸ்பூன் ஒரு முட்டைக்குச் சமம். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை சேர்த்துச் செய்வதுதானே தூத்துக்குடி மக்ரூன்? முட்டை சாப்பிடாத வீட்டிலும் அதை முயன்று பார்க்க இப்போது வழி இருக்கிறது. இந்த நவராத்திரிக்குச் சுண்டல் வேகும்போது தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பீட்டரை எடுங்கள்!