குருவி போனது, பாசி வந்தது

1925இல் லண்டன் கென்சிங்டன் பூங்காவில் மேக்ஸ் நிக்கல்சன் என்ற இளைஞர் சிட்டுக்குருவிகளை எண்ணினார். 2,603 தேறின. நகரமே நிலக்கரிப் புகையில் மூழ்கிக் கிடந்த காலம் அது. குருவி அதைப் பொருட்படுத்தவில்லை. குதிரைத் தீவனத்திலிருந்து சிந்தும் தானியமும் கூரை இடுக்கும் இருந்தால் போதும் அதற்கு.

அந்தப் புகைதான் 'கிரைஃபியா ஹெட்டிரோமல்லா' என்ற மரப்பாசியை ஊருக்குள் அண்டவிடவில்லை. படித்துறையில் வழுக்குமே, அந்தப் பாசி அல்ல இது. மரப்பட்டையில் வளர்கிற குட்டிச் செடி. வேர் கிடையாது. மழைநீரையும் அதில் கரைந்திருப்பதையும் மெல்லிய இலைகளே நேராக உறிஞ்சிக்கொள்ளும். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு கரைந்த நீர் அதற்கு விஷம்.

1952 டிசம்பரில் நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீடுகளில் நிலக்கரி அடுப்பு போய் எரிவாயு வந்தது; 1983இல் பாட்டர்சீ அனல் மின் நிலையமும் மூடப்பட்டது. காற்றில் கந்தகம் குறையக் குறைய, பாசியின் வித்துத்துகள்கள் காற்றிலேயே வந்து இறங்கின. இன்று லண்டன் பக்கத்து எல்டர், வில்லோ மரங்களில் இந்தப் பாசியைப் பார்க்கலாம். கிளையின் ஒரே பக்கத்தில், இலைகளுக்குள் பாதி புதைந்தபடி, வித்துறைகள் வரிசைகட்டி நிற்கும். லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

குருவியின் கதை நேர்மாறு. அதே பூங்காவில் 1975இல் 544. 2000இல் வெறும் 8! காற்று சுத்தமானபின் நடந்த சரிவு இது. குதிரைகள் போய்விட்டன. பழைய கூரைகளின் பொந்துகளை அடைத்துவிட்டார்கள். கார் நிறுத்த முன்தோட்டங்களுக்குத் தளம் போட்டார்கள். பெரிய குருவி தானியத்தில் பிழைத்துக்கொள்ளும். குஞ்சுக்குப் புழுபூச்சி வேண்டும். லண்டன் குருவிகளின் சரிவுக்குப் பறவை மலேரியாவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது.

இதில் ஒரு வேடிக்கை: சிறகுள்ள குருவி பிறந்த இடத்தைவிட்டு ஓரிரு கிலோமீட்டர்கூடத் தாண்டுவது அபூர்வம். ஒரு கூட்டம் அழிந்தால் அந்த இடத்தை நிரப்பப் புதிய கூட்டம் எளிதில் வராது. சிறகில்லாத பாசியோ காற்றேறி வந்துவிடுகிறது.

பாசிக்கு இருந்த பெரிய எதிரி ஒன்றுதான். சட்டம் போட்டு விரட்ட முடிந்தது. குருவிக்குப் பல எதிரிகள், அதிலும் பாதி நம் வீட்டு வசதிகள். 2002 முதல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது சிட்டுக்குருவி.