ஒரு கதை, இரண்டு பேனா



மழைக்காலம் முடிந்திருந்த ஒரு மாலை நேரம். புளியந்தோப்பில் எங்கள் தெருவைச் சேர்ந்த இரண்டு மாணவிகள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் பத்தாம் வகுப்பு. இருவருமாகச் சேர்ந்து ஒரு விஞ்ஞானக் கதை எழுதிப் போட்டி ஒன்றுக்குக் கொடுத்திருந்தார்கள். "இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்றை அடித்துவிட்டுக் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறோம்" என்ற பதிலோடு கதை திரும்பி வந்துவிட்டது.

"என் பேரையே அடிச்சிடலாம் சார். கதை உள்ள போனா போதும்" என்றாள் ஒருத்தி. மற்றவள் ஒன்றும் பேசவில்லை. நோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நோட்டை வாங்கிப் படித்தேன். கதை 2080-ஆம் ஆண்டில் நடக்கிறது. பெருமழையில் புளியந்தோப்பு மூழ்குகிறது. ஒரு சிறுவன் தான் செய்த பம்பினால் இரவோடு இரவாகத் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிடுகிறான். இந்த இடத்தில் பக்க ஓரத்தில் வேறொரு கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "முடியாது. கணக்குப் போட்டேன்."

அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது பத்து லட்சம் சதுர மீட்டர். அதன்மேல் 10 செ.மீ. மழை பெய்து தேங்கினால், நீரின் கன அளவு ஒரு லட்சம் கன மீட்டர், அதாவது 10 கோடி லிட்டர். நிமிடத்திற்கு 1,000 லிட்டர் இறைக்கும் பம்பு ஓயாமல் ஓடினாலும் ஒரு லட்சம் நிமிடங்கள் ஆகும். ஏறக்குறைய 69 நாட்கள்! 9,000 லிட்டர் லாரிகளில் ஏற்றுவதென்றால் 11,000 லாரிகளுக்கு மேல் வேண்டும்.

அடுத்த பக்கத்தில் கதை திசை திரும்பியிருந்தது. சிறுவன் பம்பை ஓரமாக வைத்துவிடுகிறான். அடைபட்டுக் கிடக்கும் கால்வாய்களைத் தெருவாசிகளைத் திரட்டித் தூர்வாருகிறான். கடல் மட்டம் தாழும் நேரம் பார்த்து மதகைத் திறக்கிறான். மீதி வேலையைப் புவியீர்ப்பு விசை செய்துவிடுகிறது. முதலில் எழுதியதைவிட இது நல்ல கதை அல்லவா? தெருவை அறிந்தவள் ஒருத்தி. கணக்கை அறிந்தவள் மற்றொருத்தி. எவள் பெயரை அடிப்பது?

அவர்களுக்கு அன்று நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். விஞ்ஞானக் கதை உலகில் இருவர் சேர்ந்து எழுதுவது புதுமையும் அல்ல, குறைபாடும் அல்ல.

நான்கு பக்கம் நீ, நான்கு பக்கம் நான்

அமெரிக்க எழுத்தாளர்கள் ஃபிரெடெரிக் போல், சிரில் கார்ன்புளூத் இருவரும் இளமை முதலே நண்பர்கள். 1953-இல் இவர்களுடைய 'விண்வெளி வணிகர்கள்' என்ற நாவல் புத்தகமாக வெளிவந்தது. விளம்பர நிறுவனங்களே உலகை ஆளும் காலம். மக்கள்தொகை பெருகி, குழாயில் நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும் காலம். தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த சென்னைவாசிகளுக்கு இந்தக் கற்பனை அத்தனை அந்நியமாகத் தோன்றாது.

இவர்கள் எழுதிய முறை வேடிக்கையானது. கதையின் போக்கை முதலில் பேசி முடிவு செய்வார்கள். பிறகு ஒருவர் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து நான்கு பக்கம் அடிப்பார். அவர் எழுந்ததும் மற்றவர் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த நான்கு பக்கம் அடிப்பார். தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவது போல! 1958-இல் கார்ன்புளூத் 34 வயதிலேயே காலமானார். போல் அதன் பிறகு வேறு எழுத்தாளர்களோடும் சேர்ந்து எழுதினார்.

ரஷ்யாவில் வேறொரு முறை. அண்ணன் ஆர்க்கடி ஸ்ட்ருகாட்ஸ்கி (1925–1991) ஜப்பானிய மொழி வல்லுநர். தம்பி போரிஸ் (1933–2012) புல்கோவா வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்தவர். அண்ணன் மாஸ்கோவில், தம்பி லெனின்கிராடில். எழுதுவதற்காகவே இருவரும் ஓரிடத்தில் கூடுவார்கள். ஒருவர் தட்டச்சில் அமர, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லி, இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே தாளில் ஏற்றுவார்கள். 1972-இல் வந்த இவர்களுடைய 'சாலையோரப் பிக்னிக்' நாவலில், வேற்றுலகத்தார் பூமியில் சற்றே தங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற புரியாத பொருள்களை மனிதர்கள் பொறுக்குகிறார்கள். நாம் உணவருந்திவிட்டு எழுந்த இடத்தில் எறும்புகள் மொய்ப்பது போல! இந்த ஓர் உவமையிலிருந்தே நாவல் முழுவதும் விரிகிறது.

கதாநாயகன் ஒரு தமிழன்

இனி நமக்கு மிக நெருக்கமான நாவலுக்கு வருவோம். அதன் பெயர் 'கடைசித் தேற்றம்'. வெளிவந்த ஆண்டு 2008. எழுதியவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும், மேலே கண்ட அதே ஃபிரெடெரிக் போலும். கதாநாயகன் ரஞ்சித் சுப்பிரமணியன், திருகோணமலையைச் சேர்ந்த தமிழ் இளைஞன். கோயில் தலைமை அர்ச்சகரின் மகன். அவனுடைய உயிர் நண்பன் காமினி ஒரு சிங்களவன். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ரஞ்சித்துக்குக் கணிதம் என்றால் பித்து.

ஆங்கில எழுத்தாளர் ஒருவருக்குத் திருகோணமலை எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? செயற்கைக் கோள்களை வைத்து உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945-இலேயே எழுதிய கிளார்க், 1956 முதல் இலங்கையில்தான் வாழ்ந்தார். கடலில் மூழ்கி ஆராய்வதில் பெருவிருப்பம் கொண்டவர். திருகோணமலையில் கோணேசர் கோயிலின் பழைய இடிபாடுகளைக் கடலடியில் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் இந்த நாவலைத் தொடங்கியபோது கிளார்க்குக்கு வயது 85-ஐத் தாண்டியிருந்தது. முன்பு தாக்கிய இளம்பிள்ளை வாதத்தின் பின்விளைவால் சக்கர நாற்காலியிலேயே வாழ்க்கை. மனத்தில் கதை இருந்தது. எழுதி முடிக்க உடலில் வலு இல்லை. ஆகவே தாம் எழுதிய பகுதிகளையும் குறிப்புகளையும் போலிடம் ஒப்படைத்தார். அவரைவிட இரண்டு வயதே இளையவரான போல், அமெரிக்காவிலிருந்து அவற்றை நாவலாக வளர்த்தார். முடிந்த கையெழுத்துப் படியைக் கிளார்க் பார்த்தார். சில நாட்களில், 2008 மார்ச் 19 அன்று, கொழும்பில் காலமானார். இரண்டாவது பேனா இல்லாதிருந்தால் ரஞ்சித் சுப்பிரமணியன் குறிப்புத் தாள்களோடு நின்று போயிருப்பான்.

ரஞ்சித்தின் பித்துக்குக் காரணமான தேற்றம் எது? 3² + 4² = 5² என்பது உங்களுக்குத் தெரியும். இதுபோல மும்மடியிலோ அதற்கு மேற்பட்ட படிகளிலோ மிகை முழு எண்கள் கிடைக்கவே மாட்டா என்று 1637-ஐ ஒட்டி ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் எழுதினார். நிரூபணம் தம்மிடம் உண்டு, எழுத ஓரத்தில் இடம் போதவில்லை என்றும் குறித்துவிட்டுப் போனார்! முயன்று பாருங்கள்: 6³ + 8³ = 728. 9³ = 729. ஒன்றே ஒன்றில் தவறிவிடுகிறது.

350 ஆண்டுகளுக்கு மேல் கணித மேதைகளை இத்தேற்றம் அலைக்கழித்தது. நாவலில் ரஞ்சித் சிறைக்குள் தன்னந்தனியே அமர்ந்து சில பக்கங்களில் இதை நிரூபித்துவிடுகிறான். உண்மையில் நடந்தது என்ன? ஆண்ட்ரூ வைல்ஸ் ஏழாண்டுகள் தனியே உழைத்து, 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் நிரூபணத்தை அறிவித்தார். பின்னர் அதில் ஓர் ஓட்டை தென்பட்டது. தம் முன்னாள் மாணவர் ரிச்சர்டு டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். 1994 செப்டம்பரில் ஓட்டை அடைபட்டது. 1995-இல் நிரூபணம் அச்சேறியது.

விந்தையைக் கவனித்தீர்களா? தனி மனிதன் ஒருவன் தேற்றத்தை வெல்லும் கதையை இருவர் எழுதினார்கள். நிஜ வாழ்விலோ, தனியே தொடங்கிய வேலையை முடிக்க இரண்டாவது ஆள் வேண்டியிருந்தது.

துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம்

இதே பாடத்தை நம் வடசென்னையே கற்பிக்கிறது. புளியந்தோப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் சென்னைத் துறைமுகம். 1912 மார்ச் 1 அன்று அங்கே மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமானுஜனுக்கு விடைகள் மின்னலாய்த் தோன்றும். ஒவ்வொரு படியாக நிறுவிக் காட்டும் கட்டுப்பாடு ஹார்டியினுடையது. எண்களின் பிரிவினை பற்றி 1918-இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில் இருவர் பெயரும் உள்ளன. அதில் எந்த வரி யாருடையது என்று எவரும் கோடு கிழித்துப் பார்ப்பதில்லை.

ராமானுஜன் புகழ்ந்த எண் 1729 நினைவிருக்கிறதா? 9³ + 10³ = 1729. 12³ = 1728. இதுவும் ஃபெர்மாவின் தேற்றத்தை உடைப்பதற்கு ஒன்றே ஒன்று தவறிய எண்தான்!

தமிழில் இரட்டையர்

தமிழ் எழுத்திலும் இரட்டையர் உண்டு. 'சுபா' என்பது ஒருவர் பெயர் அன்று. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தது. பெரும்பாலும் துப்பறியும் கதைகள் எழுதியவர்கள். இவர்கள் கே. வி. ஆனந்துடன் சேர்ந்து எழுதி 2005-இல் வெளிவந்த 'கனா கண்டேன்' திரைப்படத்தில் நாயகன் ஓர் ஆராய்ச்சி மாணவன். கடல் நீரைக் குடிநீராக்க வழி தேடுபவன். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அதை நீக்குவது எளிதன்று. மின்சாரச் செலவு மிக அதிகம். ஆயினும் 2010-இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை தொடங்கப்பட்டது. 10 கோடி லிட்டர்! நம் மாணவிகளின் வெள்ளக் கணக்கில் வந்த அதே அளவு.

நீங்களும் எழுதலாம்

சேர்ந்து எழுதுவதில் சிரமங்களும் உண்டு. "என் வரியை ஏன் அடித்தாய்?" என்ற சண்டை வரும். ஒருவர் உழைக்க, மற்றவர் பெயர் மட்டும் போடுவது நேர்மையும் அன்று. ஆகவே சில எளிய வழிகளைக் கைக்கொள்ளுங்கள். கதையின் முடிவை முதலிலேயே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். எண் வரும் ஒவ்வோர் இடத்திலும், எழுதாதவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு வரியை நீக்குவதானால் காரணம் சொல்லி நீக்குங்கள். ஆய்வுக் கூடத்தில் ஒருவர் அளவெடுக்க மற்றவர் சரிபார்ப்பதில்லையா? அதுபோலத்தான்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த மாணவிகளிடம் பென்சில் குறிப்பைக் காட்டினேன். "இதை எழுதியது யார்?" என்றேன். அதுவரை பேசாமல் நின்றவள் மெல்லத் தன் தோழியைக் காட்டினாள். தன் பெயரை அடிக்கச் சொன்னவளேதான்!

"அவ அந்தக் கணக்கைப் போடலைன்னா என் கதை பொய்யாப் போயிருக்கும் சார்" என்றாள்.

அந்தப் போட்டிக்குக் கதை போகவில்லை. இரண்டு பெயர்களையும் முதல் பக்கத்தில் மை கொண்டு மீண்டும் எழுதி, வேறொரு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் இரண்டாவது கதைக்கான கணக்குகள் தொடங்கிவிட்டன என்று கேள்வி.