இருநூறு மணி நேரத்துக்கு என்ன விலை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர். எழுத்தறிவு பெற்றவர்கள் 68.54 விழுக்காடு. மாநிலச் சராசரி 80.09. தமிழ்நாட்டு மாவட்டங்களில் கடைசி இடம். அந்தக் கணக்கு பழையதுதான். ஆனாலும் அரூர்ப் பக்கத்தில் குரூப்-4 தேர்வுக்குப் படிக்கும் பெண்ணின் தாய் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவராக இருப்பது இன்றும் வியப்புக்குரிய செய்தி அல்ல. வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு ஊர் நூலகம் என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

மாவட்டத்தில் 251 ஊராட்சிகள். 2006-07 முதல் ஐந்தாண்டுகள் நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். குளம், சுடுகாடு, விளையாட்டுத் திடல் ஆகியவற்றோடு நூலகக் கட்டடமும் அதில் ஒன்று. 251 ஊராட்சிக்கு 50 கோடியே 20 லட்சம். சுவருக்கும் அலமாரிக்கும் புத்தகத்துக்கும் பணம் வந்தது. அந்தப் புத்தகத்தை வகை பிரித்து, எண் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி, வேண்டியவர் கையில் சேர்க்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும். நூலகவியல் படித்தவரை ஒவ்வோர் ஊருக்கும் போடும் திட்டமாக அது இருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஆள் தன்னார்வமாகக் கொடுக்கக்கூடிய நேரத்தைப் பற்றியது.

1,500 புத்தகம் உள்ள ஒரு சிற்றூர் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். நூல் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றுவது, பகுப்பு எண் போடுவது, முதுகில் சீட்டு ஒட்டுவது, முத்திரை குத்துவது, கணினியில் விவரம் தட்டுவது என எல்லாம் சேர்த்து ஒரு புத்தகத்துக்கு 8 நிமிடம் என்று வைக்கிறேன். பழகிய கைக்கு இது நியாயமான வேகம். 1,500 பெருக்கல் 8, ஆக 12,000 நிமிடம். அதாவது 200 மணி நேரம். பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் எண் உள்ள புத்தகங்களுக்கு விவரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதால் 3 நிமிடம் போதும். 400 புத்தகம் அப்படி அமைந்தால் 33 மணி 20 நிமிடம் மிச்சம். நன்கொடையாக வரும் பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் அந்த எண் இருக்காது. அதனால் 200 மணி நேரத்தையே கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

இந்த நேரத்துக்கு விலை போட வேண்டுமென்றால் ஊருக்குத் தெரிந்த கூலியைக் கொண்டே போடலாம். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று பிரித்தால் மணிக்கு 42 ரூபாய். 200 மணிக்கு 8,400 ரூபாய். நூலகவியல் பட்டம் பெற்றவரின் திறமைக்கு இது குறைந்த மதிப்பு என்பது தெரியும். குறைந்த மதிப்பிலேயே கணக்கு நிற்கிறதா என்று பார்ப்பதற்காக இப்படிப் போடுகிறேன்.

பொருட்செலவை ஏறத்தாழச் சொல்கிறேன். கடைக்குக் கடை முன்பின் ஆகும். பதிவேடு இரண்டு 600 ரூபாய். முதுகுச் சீட்டும் நூல் அட்டையும் புத்தகத்துக்கு 2 ரூபாய் வீதம் 3,000. முத்திரையும் மைப்பெட்டியும் 400. கிழிந்த 150 புத்தகங்களுக்குத் துணி நாடாவும் பசையும், ஒன்றுக்கு 20 ரூபாய் வீதம் 3,000. கூட்டினால் 7,000. நூல் விவரத்தைக் கணினியில் ஏற்ற உதவும் கோஹா மென்பொருளுக்குச் செலவு இல்லை. நியூசிலாந்தின் ஓரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை 4 மணி நேரம் என்று வரும் தன்னார்வலர்களின் வருகை மொத்தம் 50. வருகைக்குப் பேருந்துக் கட்டணம் 40, சாப்பாடும் தேநீரும் 60 என்றால் 5,000. பொருளும் போக்குவரத்தும் 12,000. உழைப்பின் மதிப்பையும் சேர்த்தால் 20,400 ரூபாய். புத்தகம் ஒன்றுக்கு 13 ரூபாய் 60 காசு.

அந்த ஊராட்சிக்கு ஒதுக்கிய 20 லட்சத்தின் பக்கத்தில் இதை வைத்தால் 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 1 ரூபாய். அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல என்பதால் உண்மை விகிதம் இன்னும் குறையும். கட்டடம் கட்டிப் புத்தகம் வாங்கிய ஊர், அதற்கு மேல் நூற்றில் ஒரு பங்கு செலவில் நூலகமாகிவிடும்.

பலன் பக்கத்தையும் எழுதிப் பார்ப்போம். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. கணித ஆசிரியராக இருந்தவர் போட்ட விதியைக் கணிதத்தாலேயே சோதிக்கலாம். கலைந்து கிடக்கும் அலமாரியில் வேண்டிய புத்தகத்தைத் தேடி எடுக்க 12 நிமிடம், அடுக்கியதில் 3 நிமிடம் என்று கொள்வோம். ஒருவருக்கு 9 நிமிடம் மிச்சம். நாளைக்கு 20 பேர் வந்தால் 180 நிமிடம், அதாவது 3 மணி நேரம். போட்ட 200 மணி நேரமும் 67 நாளில் ஊருக்குத் திரும்பிவிடும். 20 பேர் எங்கே வருகிறார்கள் என்று கேட்பவர்களுக்காக, நாளைக்கு 5 பேர் மட்டும் வந்தாலும் 267 நாளில் திரும்பும். ஓராண்டுக்குள் முதல் முழுவதும் திரும்பிவரும் செலவு ஊராட்சிக் கணக்கில் வேறு எத்தனை உண்டு?

நிமிடக் கணக்கில் பிடிபடாதவர்களும் உண்டு. தேடிக் கிடைக்காமல் போனவர் மறுபடி வருவதில்லை. அவர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இந்த வேலைக்கு நூலகர்தான் வேண்டுமா, படித்த பிள்ளைகள் யாராவது அடுக்கித் தரக்கூடாதா என்ற கேள்வி நியாயமானது. சீட்டு ஒட்டவும் முத்திரை குத்தவும் பிள்ளைகள் போதும். எங்கே அடுக்குவது என்பதில்தான் பயிற்சி வேண்டும். டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு எண் 894.811. புனைகதை என்றால் 894.8113. சிற்றூர் நூலகத்தில் 600 நாவலும் சிறுகதையும் இருந்தால் 600க்கும் இந்த ஒரே எண்தான். எண்ணை மட்டும் நம்பி அடுக்கினால் அலமாரி மறுபடி குவியலாகிவிடும். ஆசிரியர் பெயர்க் குறியீடு சேர்ப்பதா, சிறுவர் நூலைத் தனியே பிரித்துக் கைக்கெட்டும் உயரத்தில் வைப்பதா, போட்டித் தேர்வு நூல்களை வாசலுக்கு அருகில் கொண்டுவருவதா, பாடத்திட்டம் மாறிப்போன பழைய வழிகாட்டிகளைக் கழிப்பதா என்பதெல்லாம் படித்துப் பழகி வரும் தீர்ப்புகள். காலாவதியான வழிகாட்டியை நம்பி ஒரு பெண் தேர்வு எழுதிவிட்டு வந்தால் அவளுக்கு நட்டம் ஓராண்டு.

உள்ளூர் ஆவணத் தொகுப்பும் அப்படித்தான். அரூர் வட்டத்திலுள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று அரசு ஊழியர்கள் பழங்குடி மக்கள்மீது நடத்திய கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த இரண்டு தீர்ப்புகளும், தருமபுரி மாவட்டக் கல்வெட்டுகளும், இப்பகுதி நடுகற்கள் பற்றிய நூல்களும் அரூர் வட்டாரத்து நூலகங்களில் ஒரே அலமாரியில் கிடைக்க வேண்டும். தேடித் திரட்டி, படி எடுத்து, பொருளடைவு போட இன்னொரு 40 மணி நேரம் கொடுப்பேன். ஒரு மணியும் வீண் இல்லை.

நூலகர்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்த கணக்கு தமிழில் புதிதல்ல. ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியில் நூலகராக இருந்த பாலம் கலியாணசுந்தரம் 35 ஆண்டுச் சம்பளத்தைப் பிறருக்குக் கொடுத்தார். அதாவது 420 மாதச் சம்பளம். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. அவர் வழியில் நடக்க எல்லாராலும் முடியாது. இன்னொரு வழி என். செல்வராஜாவின் வழி. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்தவர், இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்த பிறகு, தொகுதிக்கு 1,000 ஈழத்துத் தமிழ் நூல்களை விவரத்தோடு பதிவு செய்யும் ‘நூல்தேட்டம்’ வரிசையைத் தொடங்கினார். முதல் தொகுதி 2002இல் வந்தது. பிறகு பத்துக்கு மேற்பட்ட தொகுதிகள் வந்துவிட்டன. நூலுக்கு அரை மணி நேரம் என்று குறைத்துப் போட்டாலும் தொகுதிக்கு 500 மணி, பத்துத் தொகுதிக்கு 5,000 மணி. எட்டு மணி வேலைநாளாகப் பார்த்தால் 625 நாள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த சமூகத்துக்கு அந்த 625 நாளின் அருமையை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பட்டியலுக்குப் பண மதிப்பும் உண்டு. நியூயார்க்கில் 2011இல் வால் தெரு முற்றுகைப் போராட்டத்தின்போது, போராட்டத் திடலிலேயே நூலகர்களும் தன்னார்வலர்களும் ஒரு நூலகம் நடத்தி 5,000க்கு மேற்பட்ட நூல்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். நவம்பர் 15 இரவில் காவல்துறை திடலைக் காலி செய்தபோது நூல்கள் அள்ளப்பட்டன, பல பாழாயின. வழக்குப் போட்டார்கள். 2013 ஏப்ரலில் நகர நிர்வாகம் நூல்களுக்காக மட்டும் 47,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. எண்ணி எழுதி வைத்தவர்களால்தான் இழந்தது இவ்வளவு என்று கேட்க முடியும்.

மலைக்கு வேறு கணக்கு. அரூரை ஒட்டிய சித்தேரி மலையில் ஆறு சிற்றூர்களுக்குத் தலா 300 புத்தகம், புத்தகத்துக்கு 100 ரூபாய் என்று வாங்கினால் 1,80,000 ரூபாய். அதே 300 புத்தகத்தை ஒரே ஒரு முறை வாங்கி, ஆறு பெட்டிகளில் ஐம்பது ஐம்பதாக வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பெட்டிகளை ஊர் மாற்றினால் 30,000 ரூபாய். ஓராண்டில் ஒவ்வோர் ஊரும் 300 புத்தகத்தையும் பார்த்துவிடும். மிச்சம் 1,50,000. ஒரு புத்தகம் கால் கிலோ என்றால் பெட்டி பன்னிரண்டரைக் கிலோ, இருசக்கர வண்டியில் ஏறும். எந்தப் பெட்டியில் எந்த 50, எந்த ஊரில் எத்தனை பேர் எந்த வயது என்று பார்த்துக் கலப்பதுதான் நூலகரின் வேலை. 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடி அருகே மேலவாசலில், ஓய்வுபெற்ற பொறியாளர் எஸ். வி. கனகசபை பிள்ளையின் மாட்டுவண்டி நூலகத்தை அரங்கநாதன் தொடங்கிவைத்தார். அவர்கள் வண்டி பூட்டிக் கொண்டுபோன யோசனைதான் இது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நூலக நண்பர்கள்’ திட்டமும் தன்னார்வலர் வழியாக வீடு தேடிப் புத்தகம் கொண்டுசெல்கிறது. முதற்கட்டம் 2,500 நூலகங்கள், 56.25 லட்சம் ரூபாய். வகுத்தால் நூலகத்துக்கு 2,250.

தன்னார்வம் என்றால் கைக்காசும் போட வேண்டும் என்று நினைப்பதை நான் ஏற்கவில்லை. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். அது சரியான முறை. மேலே சொன்ன 12,000 ரூபாயை ஊர்தான் தர வேண்டும். நூலகப் புரவலராக ஒருவர் செலுத்துவது 1,000 ரூபாய். அதே அளவு தரக்கூடிய 12 பேர் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்துவரியோடு 10 விழுக்காடு நூலக வரி வசூலாகிறது. அரூரில் 1,000 ரூபாய் சொத்துவரி கட்டும் வீட்டுக்காரர் நூலகத்துக்கென்று 100 ரூபாய் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். நூலகர் பணியிடத்தை நிரப்பக் கடமைப்பட்டது அந்தப் பணம். தன்னார்வலர் வந்துவிட்டார் என்று பணியிடத்தைக் காலியாக விட்டால், அவர் கொடுத்த 200 மணி நேரம் ஊருக்கு எதிரான கணக்காகிவிடும். ஒரு முறை செய்து முடிக்கக்கூடிய பட்டியலாக்கம், தொகுப்பு, பயிற்சி ஆகியவற்றைத் தன்னார்வலரிடம் கேட்கலாம். தினமும் கதவைத் திறந்து உட்காரும் வேலைக்குச் சம்பளம்தான் கொடுக்க வேண்டும்.

251 நூலகத்துக்கும் 50,200 மணி நேரம் ஆகும். ஒரே மூச்சில் அது முடியாது. அரூர் வட்டாரத்தில் பத்து ஊர் என்று தொடங்கினால் 2,000 மணி. ஓய்வுபெற்ற பள்ளி, கல்லூரி நூலகர்களும் நூலகவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களுமாக 20 பேர், மாதம் இரண்டு ஞாயிறு, நாளைக்கு 4 மணி நேரம் என்று வந்தால் மாதத்துக்கு 160 மணி. பன்னிரண்டரை மாதத்தில் பத்தும் முடியும். அதற்கு முன்பு ஒரு மாதம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, அந்த 160 மணியில் பட்டியல் வேலையைத் தொடவே வேண்டாம். பத்து ஊருக்கும் போய், எத்தனை புத்தகம், எத்தனை கிழிசல், எத்தனை இரட்டைப் படி, கதவு எந்த நேரத்தில் திறக்கிறது, யார் வருகிறார்கள் என்று எண்ணி எழுதிவர ஊருக்கு 16 மணி போதும். அந்தப் பத்துத் தாள் கையில் வந்த பிறகு, நான் இங்கே 1,500 என்றும் 8 நிமிடம் என்றும் போட்ட எண்களை அடித்துவிட்டு, உண்மை எண்களை எழுதிக்கொள்ளலாம்.