வாசல் தொட்டியில் வெள்ளைப் பஞ்சு

சில மாதங்களுக்கு முன் பப்பாளித் தோட்டம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வேலை முடிந்து திண்ணையில் உட்கார்ந்தபோது, அந்த வீட்டு அம்மாள் ஒரு சோற்றுக்கற்றாழைத் தொட்டியைக் கொண்டுவந்து முன்னே வைத்தார். மடல்களின் அடியில் பஞ்சு அடைத்தது போல வெள்ளையாக இருந்தது. "வயலுக்கு அடிச்ச மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்குங்க சார். அதையே கலக்கி ஊத்திடட்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கற்றாழையின் சோற்றைத்தான் அவர் மகள் தலைக்குத் தேய்த்துக் குளிக்கிறாள். கோடையில் அதையே மோரில் கலந்து குடிக்கவும் செய்கிறார்கள். பயிருக்குள் ஊடுருவிப் பாயும் மருந்தை வேரில் ஊற்றினால், அது சாறோடு மடலுக்குள் சென்றுவிடும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. கற்றாழைக்கு மட்டுமல்ல, பிரண்டை, ரணகள்ளி, கற்பூரவல்லி என வீட்டில் நாம் வைத்திருக்கும் சதைப்பற்றுள்ள செடிகளில் பெரும்பாலானவை வாய்க்குள் போகிறவை. ஆகவே வயல் மருந்து வாசலுக்கு வரவே கூடாது.

முதலில், வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூச்சி அல்ல. இளம் கற்றாழை மடலில் இயல்பாகவே வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். நகத்தால் சுரண்டினால் அவை வராது. மாவுப்பூச்சியானால் பஞ்சு பிய்ந்து வரும், நசுக்கினால் பிசுபிசுக்கும். மடல் தண்டோடு சேரும் இடுக்கில்தான் அது முதலில் குடியேறும். எறும்புகள் வரிசையாகத் தொட்டியில் ஏறுவதும், மடல் பிசுபிசுத்து அதன்மேல் கரும்பூசணம் படர்வதும் மற்ற அடையாளங்கள். பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது. அதற்குக் கூலியாகப் பூச்சியைக் காவல் காக்கிறது, குஞ்சுகளை வேறு செடிக்கும் எடுத்துச் செல்கிறது.

பல ஊர்களில் இதைக் கள்ளிப்பூச்சி என்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் தரிசுகளிலும் வேலிகளிலும் சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்தது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பூச்சி ஒன்றுதான் அதைத் தின்று ஒடுக்கியது. அதுவும் வெள்ளைப் பஞ்சு போர்த்தியது, ஆனால் நசுக்கினால் குங்குமமாகச் சிவக்கும். அது வேறு, இது வேறு. இன்று நாம் அஞ்ச வேண்டியது மாவுப்பூச்சியைத்தான். 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பல பயிர்களைப் பாழாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அதை அடக்கின. அந்தப் பூச்சி வீட்டுச் செம்பருத்தியிலும் வாழ்ந்தது. தொட்டியில் இருப்பது எந்த இன மாவுப்பூச்சி என்று வெறும் கண்ணால் பிரித்தறிவது கடினம். எனவே தோட்டத்தை ஒட்டி வீடு உள்ளவர்கள் தொட்டிதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்.

நாலைந்து பூச்சிகள்தான் என்றால், குச்சியில் பஞ்சைச் சுற்றி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்துப் பூச்சியின்மேல் மட்டும் தொட்டு எடுங்கள். மாவுபோன்ற மெழுகு கரைந்து பூச்சி செத்துவிடும். அடுப்பு, விளக்கு அருகில் இதைச் செய்யாதீர்கள்.

அதிகமாகப் பரவியிருந்தால், கதர் சோப்பு 5 கிராம் சீவிச் சிறிது வெந்நீரில் கரைத்து, அதனுடன் வேப்பெண்ணெய் 5 மில்லி சேர்த்து, பால்போல் வெளுக்கும்வரை கலக்குங்கள். பிறகு தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டராக்கி, மாலை நேரத்தில் இடுக்குகள் நனையும்படி தெளியுங்கள். முதலில் ஒரு மடலில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் பார்த்துக் கருகவில்லையென்றால் முழுச் செடிக்கும் தெளிக்கலாம். சலவைத் தூளைக் கரைத்து ஊற்றிச் செடியைக் கருக்கியவர்களைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை தெளித்துவிட்டு விட்டுவிடக் கூடாது. ஒரு பெண் பூச்சி பஞ்சுப் பைக்குள் சில நூறு முட்டைகள் இடும். பைக்குள் மருந்து எளிதில் இறங்காது. வாரத்துக்கு ஒருமுறை வீதம் மூன்று முறையாவது தெளித்தால்தான் பொரிந்து வரும் குஞ்சுகளும் அகப்படும். தெளித்த மடலை இரண்டு வாரம் சென்று, நன்றாகக் கழுவியே பயன்படுத்துங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று உண்டு. 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து காப்பித் தோட்டத்துக்கென வந்தது. அதன் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சி போலவே இருக்கும். ஆனால் உருவில் பெரியது, தொட்டால் வேகமாக ஓடும். பெரிய பூச்சி என்று எண்ணி முதலில் அதைத்தான் நம்மவர்கள் நசுக்குகிறார்கள்! அது கண்ணில் பட்டால் எதையும் தெளிக்காமல் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் விட்டும் மடல் சுருங்கி, செடி வளராமல் நிற்கிறதா? மேலே பூச்சி இல்லையென்றால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். அழுகலாகவும் இருக்கலாம், வேர் மாவுப்பூச்சியாகவும் இருக்கலாம். வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் பூச்சிதான். பழைய மண்ணை முழுவதும் உதறி, கெட்ட வேரை வெட்டி, மீதி வேரைச் சோப்புக் கரைசலில் அலசி, நான்கைந்து நாள் நிழலில் உலர விடுங்கள். பயப்பட வேண்டாம். வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் செடியல்லவா! பிறகு தொட்டியைத் தேய்த்துக் கழுவி, செம்மண், மணல், மக்கிய எரு சம அளவு கலந்து நடலாம்.

இப்போது பலர் அழகுக்காக அடீனியம் வளர்க்கிறார்கள். இலை வெளிறி அடியில் நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். இலையடியில் தண்ணீரைப் பீச்சிக் கழுவினாலே பெரிதும் குறையும். இலைகள் ஓரிரவில் காணாமல் போனால் பச்சைப் புழுவைத் தேடிப் பொறுக்குங்கள். அதன் பால் நஞ்சு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

அந்த அம்மாள் தொட்டியிலிருந்து மூன்று மடல்களை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியதைத் தோட்டத்துக் குப்பைமேட்டில் வீசப்போனார். தடுத்து, பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டபின் புதைக்கச் சொன்னேன். குப்பைமேட்டுக்கும் முதல் பப்பாளி வரிசைக்கும் இடையே பத்தடிகூட இல்லை.