ஆறாயிரம் ரூபாயில் இருக்கிறது அடுத்த தலைமுறை

சென்னை மாநகராட்சியின் 5ஆவது மண்டலம் ராயபுரம். 6ஆவது மண்டலம் திரு.வி.க. நகர். துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள், கொத்தவால்சாவடி, சவுகார்பேட்டை வணிகப் பகுதிகள், புளியந்தோப்பு, பெரம்பூர் குடியிருப்புகள் எல்லாம் இந்த இரண்டு மண்டலங்களுக்குள் வருகின்றன. இங்கே குப்பை அள்ளிவந்த சுமார் 2 ஆயிரம் தற்காலிகத் தூய்மைப் பணியாளர்களிடம், 2025 ஆகஸ்ட் 1 முதல் அவர்கள் மாநகராட்சியின் ஆட்கள் அல்ல, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்று சொல்லப்பட்டது. தெரு அதே தெரு, குப்பையும் அதே குப்பைதான். சம்பளம் மட்டும் வேறு.

அதை ஏற்க மறுத்து, உழைப்போர் உரிமை இயக்கம் என்ற சங்கத்தின் தலைமையில் ரிப்பன் மாளிகை வாசல் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். வெயிலிலும் மழையிலும் 13 நாள் போராட்டம் நீடித்தது. ஆகஸ்ட் 13 அன்று, அனுமதியில்லாத இடத்திலிருந்து அவர்களை அகற்றும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்று நள்ளிரவே காவல் துறை அவர்களைக் கைதுசெய்து பேருந்துகளில் ஏற்றிச் சென்றது.

சம்பளக் கணக்கு

இவர்கள் நேற்று வேலைக்கு வந்தவர்கள் அல்லர். பலர் 10 ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியில் இருப்பவர்கள். ஆனால், மாநகராட்சியின் ஏட்டில் அவர்கள் பணியாளர்களாக இல்லை. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வந்த சுய உதவிக் குழு உறுப்பினர்களாகவே இருந்தார்கள். மாதம் சுமார் 23 ஆயிரம் ரூபாய் கிடைத்துவந்தது. ஒப்பந்த நிறுவனத்துக்கு மாறினால் கைக்கு வருவது சுமார் 17 ஆயிரம்தான் என்பது போராடியவர்களின் கணக்கு. இழப்பு மாதம் 6 ஆயிரம், வருடத்துக்கு 72 ஆயிரம் ரூபாய்.

யாருடைய வேலையும் போகாது, வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., விடுப்பு எல்லாம் கிடைக்கும் என்று மாநகராட்சி பதில் சொன்னது. அவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சட்டப்படி அவை பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியவை. கிடைக்க வேண்டியதைக் கொடுப்பதற்காக, கிடைத்துக்கொண்டிருப்பதை ஏன் குறைக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

இந்த மாற்றத்துக்கு முன் சங்கத்துடன் பேசி எந்த ஒப்பந்தமும் போடப்படவில்லை. பணி நிரந்தரம் குறித்த தொழில் தகராறு தொழில் தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருக்கும்போது பணி நிலைமைகளை மாற்றக் கூடாது என்று சங்கம் வாதிட்டது. அப்போது நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் 33ஆவது பிரிவு சொன்னதும் அதுதான். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டமோ, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி உண்டு என்கிறது. 480 நாளை இவர்களில் பலர் எப்போதோ தாண்டிவிட்டார்கள்.

பெயர் மாறும், நிலை மாறாது

அரசு வேலையைச் செய்பவரை அரசு ஊழியர் அல்ல என்று சொல்வது ரிப்பன் மாளிகையோடு முடிகிற கதையல்ல. அஞ்சல் துறையின் கிராமிய அஞ்சல் ஊழியர்கள் 2018 மே 22 முதல் 16 நாள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கலாம். அவர்கள் தபால் பட்டுவாடா செய்கிறார்கள், பணம் வாங்குகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். ஆனாலும், ‘துறைக்கு வெளியே உள்ளவர்கள்’ என்றே பல காலம் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் வாங்குவதற்குச் சம்பளம் என்ற பெயர்கூடக் கிடையாது, அது ‘படி’. கமலேஷ் சந்திரா குழு 2016இலேயே அறிக்கை கொடுத்தும், அவர்கள் தெருவுக்கு வந்த பிறகுதான், 2018 ஜூனில், ஊதிய உயர்வுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

தூய்மைப் பணியாளர்களுக்கும் பெயர்களுக்குக் குறைவில்லை. தோட்டி என்றார்கள், துப்புரவுப் பணியாளர் என்றார்கள், பிறகு தூய்மைப் பணியாளர் ஆனார்கள். கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர் என்று கால் கழுவி மாலை போட்ட ஊர்களும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வடசென்னை மூழ்கியபோது, தண்ணீர் வடிந்த தெருக்களில் முதலில் இறங்கியவர்கள் இவர்கள்தான். மரியாதையான சொல் வந்த அளவுக்கு மரியாதையான சம்பளச் சீட்டு வரவில்லை.

நிரந்தரம் வேண்டுமா, விடுதலை வேண்டுமா?

இந்தப் போராட்டத்தின்போது தலித் அரசியலுக்குள் எழுந்த விவாதம் முக்கியமானது. இந்த வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்பது, குப்பை அள்ளுபவர்களே தலைமுறை தலைமுறையாகக் குப்பை அள்ளட்டும் என்பதற்கு வழிவகுக்கும். அவர்களை இந்தத் தொழிலிலிருந்தே மீட்க வேண்டும் என்ற கருத்தை விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல்.திருமாவளவன் முன்வைத்தார்.

இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. நாடு முழுவதும் கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38 ஆயிரம் கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 சதவீதத்தினர் பட்டியல் சாதியினர் என்கிறது மத்திய அரசின் 2024ஆம் ஆண்டுத் தகவல். குப்பை அள்ளும் வேலையும் அதே சாதிக் கோட்டில்தான் நிற்கிறது.

ஆனால், இந்த வேலையிலிருந்து ஒரு குடும்பம் எப்படி வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். வடசென்னையில் விடை தெரிந்த கேள்விதான் இது. மாநகராட்சியிலோ ரயில்வேயிலோ துறைமுகத்திலோ நிரந்தர வேலை பார்த்த அப்பா அல்லது அம்மாவின் பிள்ளைகள்தான் கல்லூரிக்குப் போனார்கள். நிரந்தரச் சம்பளம் என்றால் வங்கியில் கடன் கிடைக்கும், கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டாம், ஓய்வுக்குப் பிறகும் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க வேண்டாம். அந்த வீட்டில் பிளஸ் டூ முடித்த பெண் அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கலாம்.

நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத வீட்டில் நடப்பது வேறு. மாதம் 6 ஆயிரம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது கல்லூரிக் கட்டணமும் டியூஷனும்தான். அடுத்து, மூத்த பிள்ளை வேலைக்குப் போகிறது. உடம்பு முடியாமல் போன அம்மாவின் இடத்தில் மகள் வண்டி தள்ளுகிறாள். தொழில் தலைமுறை தாண்டுவது நிரந்தரப் பணியால் அல்ல, வறுமையால்தான். குப்பை வண்டியைத் தனியாரிடம் கொடுத்ததால் அதைத் தள்ளுபவரின் சாதி மாறிவிடாது. திருவொற்றியூர், மணலி மண்டலங்களில் இந்தப் பணி ஏற்கெனவே தனியார் வசம்தான் இருக்கிறது. அங்கே வண்டி தள்ளுபவர்கள் யார் என்று அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும்.

மீட்பும் நிரந்தரமும் எதிரெதிர்க் கோரிக்கைகள் அல்ல. இன்று வேலை பார்ப்பவருக்கு நிரந்தரம். அவர் பிள்ளைக்கு வேறு வேலை. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது.

நலத்திட்டமும் சம்பளமும்

கைதுக்கு மறுநாள், ஆகஸ்ட் 14 அன்று, தமிழக அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்கு ஆறு திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, 10 லட்சம் ரூபாய் காப்பீடு, தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, சுயதொழில் கடனுக்கு மானியம், பிள்ளைகளின் உயர்கல்விக்கு உதவி, 30 ஆயிரம் வீடுகள் ஆகியவை அதில் அடங்கும். எல்லாமே தேவையானவை. குறிப்பாக, கல்வி உதவி முழுமையாகக் கைக்கு வர வேண்டும். ஆனால், ஒரு கையால் சோறு போட்டு மறு கையால் கூலியைக் குறைப்பது நலத்திட்டம் ஆகாது. நலத்திட்டம் அரசு நினைத்தால் வரும், நினைத்தால் நிற்கும். சம்பளம் உழைத்தவரின் உரிமை.

ஆகஸ்ட் 20 அன்று, தனியாரிடம் ஒப்படைக்கும் மாநகராட்சித் தீர்மானத்தை ரத்துசெய்ய உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதேவேளை, பணியாளர்கள் கடைசியாகப் பெற்ற ஊதியம் பாதுகாக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. ஆக, 6 ஆயிரம் ரூபாயைப் பற்றி அந்தப் பெண்கள் நடைபாதையில் உட்கார்ந்து கேட்ட கேள்வியில் நியாயம் இருந்திருக்கிறது. உச்ச நீதிமன்றமும் அண்மையில் இந்தத் திசையில் பேசியிருக்கிறது. மத்திய நீர் ஆணையத்தில் பல ஆண்டுகள் தற்காலிகமாகவே வைக்கப்பட்ட துப்புரவுப் பெண்களின் பணியை முறைப்படுத்த 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. தகராறு நிலுவையில் இருக்கும்போது நீக்கப்பட்ட காஜியாபாத் மாநகராட்சித் தோட்டப் பணியாளர்களை மீண்டும் பணியில் சேர்க்க 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

திரு.வி.க. நகர் என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1918இல் இதே பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் திரு.வி.கலியாணசுந்தரனார். 1921 ஆலைப் போராட்டத்தில் ஆதிதிராவிடர்களும் பிற தொழிலாளர்களும் சாதியால் பிரிந்து, புளியந்தோப்பில் கலவரம் வரை போனது. அந்தப் பிளவுக்கான விலையைச் சேரி மக்களே அதிகம் கொடுத்தார்கள். இன்று சென்னையின் மேயர், அதே திரு.வி.க. நகரிலிருந்து தேர்வான தலித் பெண். அந்த நாற்காலிக்கு ஒருவர் வந்ததில் நமக்குப் பெருமை உண்டு. அதே நகரில் வண்டி தள்ளும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நிரந்தர வேலை கிடைக்கும்போதுதான் அந்தப் பெருமை முழுமை பெறும்.

பக்கத்துத் தண்டையார்பேட்டை மண்டலம் 2025 ஆகஸ்டில் மாநகராட்சியின் நேரடிப் பொறுப்பில் இருந்தது. அங்கே அடுத்த ஒப்பந்தம் பற்றிப் பேசுவதற்கு முன், சங்கத்தை அழைத்து மேசையில் உட்கார வைக்கலாம். கடைசியாக வாங்கிய சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையாது என்று எழுத்தில் கொடுக்கலாம். நள்ளிரவுக் கைதுக்குச் செலவான உழைப்பைவிட அதற்குக் குறைவாகவே ஆகும்.